ஊறுகாய் பாட்டிலுக்குள் ஒரு மணி

திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் தெருக்கோடிக் கோயில் மடப்பள்ளியில் ஆனந்தகிருஷ்ணன் வைக்கும் பாயசத்தை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் வீட்டில் ஃப்யூஸ் போனால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற ஆசாமி அவன். அப்படிப்பட்டவன் ஒயர் இல்லாமல் அடிக்கும் மணி ஒன்றைத் தன் கையாலேயே செய்தான் என்றால், அதற்குக் காரணம் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை.

கோயில் வாசலில் ஃபோன் கவுண்டர் என்னுடையது. உள்ளே ஃபோன் கூடாது. கும்பிட வருகிறவரானாலும் வேலை பார்க்கிறவரானாலும் ராமசுப்ரமணியனாகிய என்னிடம் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். பிறர் ஃபோனை நான் எடுத்துப் பேசக் கூடாது என்பது சட்டம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆவணியில் ஒரு காலை, ஆனந்தகிருஷ்ணனின் ஃபோன் பதினோரு தடவை அதிர்ந்தது. திரையில் ராஜஸ்ரீ என்று பெயரும் தெரிந்தது. அவன் மனைவி. அப்போது ஐந்து மாதம். நான் சட்டத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நைவேத்தியம் முடிந்து அவன் வெளியே வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. குழந்தை தங்கவில்லை.

அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும். தினமும் ஃபோனை நீட்டுவான், டோக்கனை வாங்குவான், போவான்.

இந்த வருஷம் ராஜஸ்ரீக்கு மறுபடி ஏழாம் மாதம் என்று கேள்விப்பட்டதும் வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

"ஆனந்தா, ஃபோன் அடிச்சா நானே உள்ள வந்து சொல்றேன்."

"வேண்டாம் அண்ணா. ஒங்களுக்கு நூறு ஃபோன் பாக்கண்டாமா. நான் வேற வழி பாத்துக்கறேன்."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

அவன் கண்ட வழி இது. சாலைக் கடைத்தெருவில் விரல் நீளத்துக்கு இரண்டு எலக்ட்ரானிக் பலகைகள் வாங்கி வந்தான். ஒன்று அனுப்பும், ஒன்று வாங்கும். அனுப்புவதில் ஒரு பட்டன் வைத்து ராஜஸ்ரீயிடம் கொடுப்பது. வாங்குவதில் பீப் என்று கத்தும் சின்ன மணியை வைத்து மடப்பள்ளிக்குக் கொண்டுபோவது. வீடு கோயில் பின்மதிலை ஒட்டி நாற்பதடி தூரம்தான். மலையாள வீடியோ ஒன்றை ஓட்டி ஓட்டிப் பார்த்து, சூட்டுக் கம்பியால் ஈயம் உருக்கி ஒட்டினான். கொதிக்கிற வெண்கல உருளியை வெறும் துணியால் இறக்குகிற கை, அந்தக் கம்பி நுனியில் மூன்று இடத்தில் சுட்டுக்கொண்டது.

கோயில் செயலரிடம் அனுமதி கேட்டபோது நானும் இருந்தேன். அவர் மலையாளி. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஃபோனல்லல்லோ, மணிதானே. குழப்பமில்ல. கோயில்ல இல்லாத மணியா."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது முதல் வாரம். தெருவில் யாரோ காரைப் பூட்டினால் இது மடப்பள்ளிக்குள் கத்தியது. அவன் இரண்டு பலகையிலும் ஒவ்வொரு சிப் சேர்த்து ஒரே நம்பர் வைத்தான். அப்புறம் வீட்டுப் பட்டனுக்கு மட்டும் பதில் சொன்னது. அடுத்தது அவன் தொழிலுக்கே உரிய கூத்து. மடப்பள்ளிக்குக் குளித்து ஈர வேஷ்டியோடுதான் போக வேண்டும். சட்டை கிடையாது, ஆகவே பையும் கிடையாது. மணியை இடுப்பில் செருகிக்கொண்டான். அரை மணி நேரத்தில் அது தண்ணீர் குடித்துச் செத்தது. புதிதாக ஒன்று செய்து, நனையாமல் இருக்க எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக மூடினான். ராஜஸ்ரீ விரல் வலிக்க அமுக்கியும் சத்தமே இல்லை. இரும்புப் பெட்டிக்குள் ஃபோனுக்கே சிக்னல் வராது என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வந்தது. எந்த முகத்தோடு சொல்வது என்று அடங்கிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவனே பிளாஸ்டிக் ஊறுகாய் பாட்டிலுக்கு மாற்றி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டான். கேட்டது. ஒரு தடவை அடித்தால் சோதனை, மூன்று தடவை அடித்தால் வலி என்று பேசிவைத்துக்கொண்டார்கள்.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, மணி பத்தரை. கவுண்டர் அலமாரியின் பதினாலாம் நம்பர் அறையில் அவன் ஃபோன் அதிர்ந்தது. ராஜஸ்ரீ.

அந்த ஊறுகாய் பாட்டிலை நான் நம்பவில்லை. என்னையும் நம்பவில்லை, அதனால்தான் உட்காரவில்லை. நூறு ஃபோனையும் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். யாரோ பின்னால் கத்தினார்கள். பிரகாரம் சுற்றி மடப்பள்ளிப் பக்கம் திரும்பினால், ஆனந்தகிருஷ்ணன் ஈர வேஷ்டியோடு எதிரே ஓடி வருகிறான். கூடச் சமைக்கும் வினயிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். கையில் பாட்டில் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

எனக்கு முன்னால் அது சொல்லிவிட்டது. அப்பாடா என்று அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டேன்.

அவன் ஒரு கணம் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"சட்டையைக் கூடக் கழட்டாம வந்துட்டேளே, அண்ணா."

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். எங்கள் கோயிலில் ஆண்கள் சட்டையோடு உள்ளே போகக் கூடாது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் மீறிய முதல் சட்டம் அது.

சாயந்திரம் ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான். பெண் குழந்தை. இருவரும் நலம். கவுண்டருக்குக் கீழே குனிந்து கொஞ்சம் அழுதேன். டோக்கனுக்கு நின்ற அம்மாள் பார்த்திருப்பாள், பார்க்கட்டும்.

குழந்தை பிறந்த தீட்டு என்பதால் பத்து நாள் அவன் கோயில் படி ஏறவில்லை. பதினோராம் நாள் குளித்து வந்து, ஃபோனோடு இன்னொரு ஊறுகாய் பாட்டிலையும் என் முன்னால் வைத்தான். உள்ளே புதிதாகச் செய்த மணி. இந்தத் தடவை ஈயம் அழகாக ஒட்டியிருந்தது.

"வீட்டுல சும்மா இருக்கச்சே பண்ணினேன். இதுக்கும் அதே நம்பர்தான். அவ அமுக்கினா ரெண்டும் அடிக்கும். எனக்குக் கேக்கலேன்னாலும் ஒங்களுக்குக் கேக்குமே."

வழக்கம்போல டோக்கனை வாங்கிக்கொண்டு போனான். பாட்டிலை என் மேஜையில், கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டேன். மதியம் அது ஒரே ஒரு தடவை கத்தியது. சோதனைதான் என்று தெரியும். ஆனாலும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.