பிரிக்காத நாட்டில் ஒரு வீடு

கண்ணுகளா, பச்சை மிளகைப் பாறையில் கொட்டிக் காலால் மிதித்தால் அதன் காரம் மூக்கில் ஏறி, கண்ணில் நீர் கோர்க்கும். ஏழாம் வகுப்பில் அப்படி மிதித்துக்கொண்டேதான் ஒரு நாடக வசனத்தை நான் மனப்பாடம் செய்தேன். யூதர், அரபியர் சண்டையைச் செய்தியில் பார்த்துவிட்டு, "அந்த மண்ணைப் பிரிக்காமலே இருந்திருந்தா என்னப்பா ஆகியிருக்கும்?" என்று நீங்கள் கேட்டதால் அதை எழுதுகிறேன்.

எங்கள் சமூக அறிவியல் சார் அதையேதான் ஆண்டுவிழா நாடகமாக எழுதியிருந்தார். "இது நடந்தது இல்ல சாமிகளா, நடந்திருக்கலாமேன்னு நெனச்சுப் பாக்குறது" என்றார். அவர் கதையில் அந்த நாட்டின் நடுவே கோடு விழவில்லை. ஒரே சபை, இந்த வருடம் யூதர் தலைவர் என்றால் அடுத்த வருடம் அரபியர், பள்ளிக்கூடத்தில் இரண்டு மொழியும் உண்டு. சண்டைக்குப் பயந்து ஓடியவர்களையும் திரும்பக் கூப்பிடுகிறார்கள். கடைசிக் காட்சியில் யூசுப் என்ற அரபியர் தன் வீட்டுச் சாவியோடு வந்து நிற்க, உள்ளே, உறவையெல்லாம் பறிகொடுத்துக் கடல் கடந்து வந்த ஒரு யூதக் குடும்பம் இருக்கிறது. அந்த யூதர் நான். "ஊடு உங்களுதுங்க. எங்களுக்கும் போக்கிடம் இல்லீங்க. ரெண்டு அடுப்பு போட்டு ஒண்ணா இருந்துக்கலாமுங்க" என்பது என் வசனம். யூதர் எப்படிப் பேசுவார் என்று சாருக்கும் தெரியாததால் கொல்லிமலைக்காரராகவே பேசிவிட்டேன்.

அதே வாரம் குடகிலிருந்து பெரியப்பா வந்து இறங்கினார். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்; ஒன்பது வருடத்துக்கு முன்பு காப்பித் தோட்ட வேலைக்குக் கிளம்பும்போது வீட்டையும் காட்டையும் "பாத்துக்க தம்பி" என்று அப்பாவிடம் விட்டுப் போனவர். மழையில் எங்கள் குடிசை விழுந்தபின் நாங்கள் அந்த வீட்டில் குடியேறினோம்; அவர் வைத்த பலா மரங்களில் அப்பா மிளகுக் கொடி ஏற்றினார். இப்போது தோட்டத்தில் வேலை நின்றுவிட்டதென்று பெரியம்மாவோடும் மகன் ராசு அண்ணனோடும் மூட்டை முடிச்சுகளோடும் வாசலில் நின்றார்.

அப்பா "வாங்கண்ணா" என்று சொன்னாரே தவிர, நிலைப்படியை விட்டு நகரவில்லை. "புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நாம எங்கீங்க போறது?" என்று அம்மா உள்ளிருந்து கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது.

"எங்கூட்டு வாசல்ல எங்களையே விருந்தாளி ஆக்கிப்போட்டீங்களே சாமி" என்றார் பெரியம்மா. அன்றிலிருந்து அவர்கள் மாட்டுக் கொட்டகையில் படுத்துக்கொண்டார்கள்.

ஆண்டுவிழாவில் என் வசனத்தைக் கணீரென்று சொன்னேன். உடனே கூட்டத்திலிருந்து ஒருவர், "அப்பறம் எதுக்குடா உம்பட பெரியப்பனை மாட்டோட கட்டிப் போட்டிருக்கீங்க?" என்று குரல் கொடுக்க, திடலே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார், அப்பா சிரிக்கவில்லை. யூசுப்பாக நின்ற பையனுக்கு அடுத்த வசனம் மறந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "நாடகத்துல ரெண்டு அடுப்பு பத்த வெக்கலாம் கண்ணு. ரெண்டுக்கும் இந்த ஒரு காடுதானே சோறு போடோணும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெளியே போகச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவர்கள் மலையடிவாரச் சேந்தமங்கலத்துக்கு இறங்கிவிட்டார்கள். "மரம் நான் வெச்சது, கொடி நீ வெச்சது. பறிச்சுக்க தம்பி" என்று மட்டும் பெரியப்பா சொன்னார். கீழே ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்த்து, பெரியப்பாவும் பெரியம்மாவும் அங்கேயே காலமானார்கள்; ராசு அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறார். காட்டை அனுபவித்து வந்தவர் என்று பட்டா அப்பா பெயருக்கு வந்தது. அப்பாவுக்குப் பிறகு என் பெயருக்கு.

பெரியப்பாவின் அந்த ஓட்டு வீடு இப்போது இல்லை. அது இருந்த இடத்தில்தான் நீங்கள் பிறந்த இந்தக் கான்கிரீட் தார்சு வீடு நிற்கிறது. பலாவில் இரண்டுதான் மிச்சம். சார் எழுதிய நாடக நோட்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. அந்த நாடு பிரியாமல் இருந்திருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது, கண்ணுகளா. எனக்குத் தெரிந்தது ஒரு வீடுதான். சாரின் கதையில் வீட்டுக்குள் இருப்பவர் முதலில் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் யாரும் திறக்கவில்லை.

போன திங்கட்கிழமை உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் தாலுகா ஆபீசுக்குப் போனேன். படியில் உட்கார்ந்து கூட்டுப் பட்டா கேட்டு ஒரு மனு எழுதினேன். ராசு அண்ணன் பெயரை முதலில் எழுதி, அதற்குக் கீழே என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி வந்தேன்.