பாகாலாவுல கேட்ட துடிப்பு

பேய், பிசாசு, சகுனம்னு எதையும் நான் நம்பினவ இல்லீங்க, இப்பவும் நம்பலன்னுதான் சொல்வேன். எங்க ஊரு நகரி பக்கம், நைனா, அதான் எங்கப்பா, கரும்பு போடறவரு, நான் திருப்பதில ஒரு யுனிவர்சிட்டில நட்சத்திரத்தப் பத்தி ஆராய்ச்சி பண்றேன். ராத்திரி கண்ணுக்குத் தெரியற நட்சத்திரம் இல்ல, பெரிய நட்சத்திரம் வெடிச்சு செத்தப்புறம் மிஞ்சற கட்டி, நியூட்ரான் நட்சத்திரம்னு பேரு. ஒரு டவுன் அளவுதான் இருக்கும், எடை மட்டும் சூரியனுக்கு மேல. அது சுத்த சுத்த அதோட ரேடியோ அலை, கலங்கரை விளக்கு வெளிச்சம் மாதிரி நம்ம மேல பட்டுப் பட்டுப் போவும், அதத்தான் துடிப்புன்னு சொல்றோம். பெரும்பாலும் ஒரு செகண்டு, அதுக்குள்ள ஒரு சுத்து முடிஞ்சிரும்.

டெலஸ்கோப்புல எப்பவோ பதிஞ்ச பழைய டேட்டாவ நோண்டிக்கினு இருந்தப்ப எனக்கு மாட்டினது அப்படி இல்ல. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இருபது செகண்டுக்கு மேல ஆவுது. அவ்ளோ மெதுவா சுத்தறது ரேடியோ அலையே விடாம வாய மூடிக்கினுதான் இருக்கணும், அதான் நாங்க படிச்சது. போதாததுக்கு இது நடுநடுவுல துடிப்பையே விட்டுடும், எப்ப விடும்னு யாராலயும் சொல்ல முடியாது.

எங்க கைடு தெலுங்குக்காரரு, நல்ல மனுஷன், ஆனா பாத்த உடனே, "வதிலேய்ம்மா, விட்டுடு, எங்கயோ கரண்ட் கம்பில பொறி பறந்திருக்கும். ஃபெலோஷிப் முடியப் போவுது, வேற எதுனா பண்ணு"ன்னுட்டாரு.

"இன்னொரு வாட்டி அதே இடத்துல தெரிஞ்சா ஒத்துக்குவீங்களா சார்?"

"தெரியட்டும், அப்புறம் பேசலாம்."

நான் விடல. வடக்க இருக்கற பெரிய ரேடியோ டெலஸ்கோப்புக்கு எழுதி, அவங்க முடியாதுன்னு சொல்லி, திரும்பவும் எழுதி, கடைசில ஒரு மத்தியானம் கொஞ்ச நேரம் குடுத்தாங்க. ரேடியோவுக்குப் பகலும் ராத்திரியும் ஒண்ணுதான்.

அன்னிக்குப் பாத்து சித்தூர்ல அக்காவுக்கு சீமந்தம், முடிச்சிக்கினு ரயில்ல திருப்பதிக்கு வந்துக்கினு இருந்தேன். டெலஸ்கோப்ப அங்க இருக்கறவங்களே திருப்பிக்குவாங்க, டேட்டா அப்புறமாத்தான் நம்ம கைக்கு வரும். டெலஸ்கோப் பாத்துக்கினு இருக்கற அதே நேரத்துல, பாகாலாவுல கிராஸிங்குக்காக வண்டி நின்னுபோச்சு, பெட்டில பாதி பேரு டீ குடிக்க எறங்கிட்டாங்க. எதிர் சீட்டுல ஒரு அம்மா, ராமகுப்பத்துல பட்டுப்பூச்சி வளக்கறவங்களாம், மகளுக்குப் பிரசவம்னு திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போறாங்க.

அவங்க ஒத்த விரலால ஜன்னல் கம்பியத் தட்டிக்கினு இருந்தாங்க. டொக். ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல. மறுபடி டொக். நான் மொதல்ல கண்டுக்கல. ஆனா மாசக்கணக்கா அந்த நட்சத்திரத்தோட இடைவெளியோடவே குடித்தனம் பண்ணவ நான், மூளைக்கு முன்னாடி உடம்புக்குத் தெரிஞ்சிபோச்சு. இப்ப வரும்னு நெனச்சேன், டொக். இப்பன்னு நெனச்சேன், வரல, அதுக்கடுத்தது கரெக்டா வந்துச்சு. எழுந்து வேற சீட்டுக்குப் போயிருக்கலாம், போவல. போன்ல ரெக்கார்டரப் போட்டு கம்பி பக்கத்துல வெச்சேன்.

"எதுக்கும்மா தட்டறீங்க?"ன்னு கேட்டேன்.

"நானா?"ன்னு அவங்க விரலையே பாத்தாங்க. "தெரியலம்மா. மகள நெனச்சிக்கினு இருந்தேன்."

சொல்லி முடிக்கறதுக்குள்ள விரலு தானா தட்டிச்சு. அவங்களும் பாத்தாங்க, நானும் பாத்தேன். வண்டி கெளம்பற வரைக்கும் தட்டிச்சு, கெளம்பினதும் கைய மடில வெச்சிக்கினாங்க.

டேட்டா வந்துச்சு. அதே இடம், அதே துடிப்பு. கரண்ட் கம்பிப் பொறின்னா எல்லா அலையும் ஒண்ணா வந்து சேரும். அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றதுன்னா வழில இருக்கற வாயுவத் தாண்டி வரணும், அதுல ஃப்ரீக்வென்சி கம்மியான அலை பின்தங்கிடும். இது அச்சு அசலா அப்படித்தான் பின்தங்கி வந்திருந்தது. சார் ஸ்கிரீனப் பாத்துட்டு, "நிஜமேம்மா"ன்னு கை குடுத்தாரு. பேப்பர் எழுதினோம், ஃபெலோஷிப்பும் நீட்டிச்சாங்க.

அதுக்கப்புறம்தான் ரெக்கார்டிங்க அவருகிட்ட காட்டினேன். நட்சத்திரம் துடிப்ப விட்ட இடத்துலயெல்லாம் அந்தம்மாவும் தட்டல. ஒண்ணு கூட மாறல. சார் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு, "எல்லாத் தட்டும் ரெண்டு மூணு செகண்டு முன்னாடி இருக்கே, பொருந்தல. ஏதோ தற்செயல், விடு"ன்னாரு.

போன் கடிகாரத்த சரிபாத்தேன், ஒழுங்காத்தான் ஓடிக்கினு இருந்தது. சரி, அது என்ன ரெண்டு மூணு செகண்டுன்னு உக்காந்து கணக்குப் போட்டேன். வழில இருக்கற வாயு அந்த அலைய எவ்ளோ தாமதப்படுத்துதோ, அதே அளவு. குறுக்க ஒண்ணுமே இல்லாம இருந்தா அலை எப்ப வந்து சேந்திருக்குமோ, கரெக்டா அப்பத்தான் அந்த விரலு கம்பியத் தட்டியிருக்கு.

பேப்பர்ல இத எழுதல, என்னன்னு எழுத? எங்க டெலஸ்கோப்புக்கு வந்து சேர்றதுக்கு முன்னாடியே அந்தம்மாவுக்கு வந்துடுச்சு, அந்த ரெண்டு மூணு செகண்டத்தான் இன்னிக்கும் என்னால தாண்ட முடியல.