மச்சானின் கேமராவுக்கு நான் விட்ட எண்ணெய்

பழைய கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கடற்கரையில் நடக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. 2007-இல் நானே அப்படி நடந்தவன் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன். விடிவதற்கு முன்பே தேவனாம்பட்டினத்தில் போய் நிற்பது. வலை உதறுகிறவர்களின் மூஞ்சிக்கு நேராக லென்ஸை நீட்டுவது. அவர்கள் திட்டினால் அதற்குள் ஏதோ பெரிய உண்மை இருப்பதாக நினைத்து மெய்சிலிர்ப்பது. டிஜிட்டல் கேமரா வைத்திருந்தவர்கள் என் கண்ணில் மனிதர்களே அல்ல. அவர்கள் எடுப்பது படமல்ல, இருமல் என்று ஒரு சிற்றிதழில் எழுதினேன். வாசித்த பத்துப் பதினைந்து பேரில் ஒருவர் பாராட்டிக் கடிதம் போட்டார். அவரையும் எனக்குப் பிடிக்காது.

அந்தக் கேமரா என்னுடையதல்ல, என் மனைவியின் தம்பியுடையது. மச்சான் சவூதியில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முப்பது நாள் லீவு. ஒவ்வொரு லீவிலும் அந்த ஃபிலிம் கேமராவில் ஒரே ஒரு ரோல் போடுவான். முப்பத்தாறு படத்திலும் அவன் மகள். சாப்பிடுகிறாள், தலை பின்னிக்கொள்கிறாள், வீட்டுப்பாடம் எழுதுகிறாள், வாயைத் திறந்து தூங்குகிறாள். பிரிண்ட் போட்டு, கேமராவை அக்காவிடம் கொடுத்துவிட்டு, ஆல்பத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விடுவான். அடுத்த இரண்டு வருஷத்துக்கு அவனுக்கு மகள் என்பது அந்த முப்பத்தாறுதான்.

அந்த ஆல்பங்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் பெண் நட்ட நடுவில், மேலே பாதிப் படத்துக்கு வெறும் சுண்ணாம்புச் சுவர். இவ்வளவு நல்ல கருவி இப்படி ஒரு கையில் கிடந்து வீணாகிறதே என்று அவனிடமே சொன்னேன். அவன் கோபப்படவில்லை.

"அப்ப நீங்க வச்சி எடுங்க மாமா. மக்கர் பண்ணா மட்டும் கை வெக்காதீங்க. அப்படியே வெச்சிருங்க, வந்து பாத்துக்குறேன்."

ஐப்பசி மழையில் அது மக்கர் செய்தது. அந்த மாதிரிக் கேமராவில் லென்ஸுக்குள்ளேயே ஐந்து மெல்லிய தகடுகள் இருக்கும். பூவிதழ் மாதிரி விரிந்து வெளிச்சத்தை விட்டு மூடிக்கொள்ளும். அவை சோம்பேறித்தனமாக மூடத் தொடங்கின. நான் கை வைத்தேன். மனைவியின் தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெயை எடுத்து லென்ஸின் ஓரத்தில் நாலு துளி விட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் தகடுகள் வழுக்கிக்கொண்டு ஓடின. கலைஞனுக்குள் ஒரு தொழிலாளியும் இருக்கிறான் என்று அப்போதே ஒரு வரி எழுதிவைத்தேன். அடுத்த வாரம் ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தன.

மச்சான் போன் செய்தான். லீவு கிடைத்துவிட்டதாம், பொங்கலுக்கு வருகிறானாம்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்டுடியோக்காரர் கேமராவை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "ஷோகேஸ்ல வைங்க சார், லுக்கா இருக்கும்" என்றார். அவர் சுவர் முழுக்கக் கல்யாண ஜோடிகள் இதய வடிவத்துக்குள் அடைபட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரர் அதைக் காதோரம் வைத்துத் தேங்காய் ஆட்டுவது போல ஆட்டிப் பார்த்து, "உள்ள என்னமோ கெடக்குது" என்றார். உள்ளே ஒன்றும் கிடக்கவில்லை. அவர்தான் சிதம்பரத்து ஆளைச் சொன்னார்.

வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே அறை. பனியனோடு உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். கழற்றுகிற திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் முதுகில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். வாங்க, உட்காருங்க எதுவும் கிடையாது. ஒரு நீள நோட்டை என் பக்கம் தள்ளினார்.

"கேமராவ என்னா பண்ணீங்கன்னு ஒங்க கையாலயே எழுதுங்க சார்."

"நான் ஒன்னும் பண்ணலியே."

"ஒன்னும் பண்ணாதவங்க யாரும் இந்தப் படி ஏறுறதில்ல."

பக்கங்களைப் புரட்டினேன். 'பாப்பா பாயசத்துல போட்டுடுச்சு.' 'வெயில்ல காயவச்சி மறந்துட்டேன்.' 'கோவத்துல எறிஞ்சேன், பீரோல பட்டுச்சு.' ஒவ்வொன்றின் கீழும் ஒரு கையெழுத்து. என்ன வறட்டு நடை என்று நினைத்தேன். பேனாவை எடுத்து எழுதினேன்: கடலின் உப்பு மூச்சு இதன் நாவைக் கட்டிவிட்டது.

அவர் சத்தமாகப் படித்தார். பிறகு கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல நாக்கு எங்க சார் இருக்குது?"

"உப்புக் காத்து பட்டுச்சுன்னு அர்த்தம்."

"அத்த எழுதுறதுதானே. உப்புக் காத்துன்னா நான் மேல் பக்கம் தொறக்கணும். கியரு கியரா துரு தேடணும். உப்புக் காத்துதானா?"

"ஆமா" என்றேன்.

பதினைந்து நாள் கழித்துப் போனபோது கேமராவின் மேல் பக்கம் முழுக்கப் பிரிந்து கல்யாணப் பத்திரிகையில் கிடந்தது. மயிரிழை ஸ்பிரிங்குகள், கடுகளவு பல்சக்கரங்கள். "துருவே இல்ல சார். ஒன்னு வுடாம பாத்துட்டேன்" என்றார். எனக்கு உள்ளூர ஏளனம். பெரிய நோட்டு, பெரிய கேள்வி, கண்ணெதிரே இருப்பது தெரியவில்லை. கோளாறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதை அந்த நேரம் நான் நினைத்துக்கொள்ளவில்லை. என் மூளைக்கு அந்த சாமர்த்தியம் எப்போதும் உண்டு.

அந்த வாரமே மச்சான் வந்து இறங்கினான். சர்வீசுக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். தினமும் காலையில் காபி டம்ளரோடு வந்து நிற்பான். "வந்துடுச்சா மாமா?" நாலாம் நாள் அவன் மகளுக்கு முன்பல் விழுந்தது. அவள் சிரிக்கும்போதெல்லாம் அவன் கை தன்னையறியாமல் நெஞ்சுக்கு உயரும், கேமரா தொங்கவேண்டிய இடத்துக்கு.

"பிரண்டோட டிஜிட்டல் ஒன்னு வாங்கியாரட்டா?" என்றேன். அவ்வளவு தூரம் இறங்கியிருந்தேன்.

"வேணாம் மாமா. அதுல எத்தன வேணா எடுக்கலாம். அப்பறம் ஒன்னையும் பாக்க மாட்டேன்."

சிற்றிதழில் நான் மூன்று பக்கத்துக்கு எழுதியது அது. அவன் சொன்னவுடன் எனக்கு எரிச்சலாக வந்தது.

லீவில் பதினாலு நாள் போன பிறகு மறுபடியும் சிதம்பரம். இந்தமுறை அவர் லென்ஸை மட்டும் தனியாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஐந்து தகடும் மழையில் நனைந்த தார் ரோடு போல மின்னின.

"இன்னா சார் இது?"

விரலில் தொட்டு மோந்து பார்த்தார்.

"தையல் மெஷின் எண்ணெய். இதுவும் கடல்லேந்துதான் வந்துச்சா?"

நோட்டு மறுபடியும் என் பக்கம் வந்தது. எழுதினேன்: நான்தான் எண்ணெய் விட்டேன். நாலு துளி. கேமரா என் மச்சானுடையது. அவனிடம் சொல்லவில்லை. என் வாழ்நாளில் அலங்காரம் இல்லாமல் நான் எழுதிய நாலு வாக்கியங்கள், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில்.

"இத மொதல்லயே எழுதியிருந்தா மூணு நாளு வேல சார். பெட்ரோல்ல கழுவி காயவச்சா முடிஞ்சிபோச்சு. என்னைய துரு தேட வுட்டீங்க." நோட்டை இன்னொரு தடவை படித்தார். "ஒங்களுது இல்லியா? அப்ப ஒங்க கையில தர முடியாது. மூணு நாள் கழிச்சி மச்சான அழச்சிக்கிட்டு வாங்க. அவரு இத படிச்சி கையெழுத்துப் போட்டாத்தான் கேமரா. இல்லன்னா நாளைக்கு அவரு வந்து, நீதான்டா எண்ணெய் ஊத்துனன்னு என் பனியன புடிப்பாரு."

பஸ்ஸில் புதுச்சத்திரம் வரைக்கும் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வைத்திருக்கிறவனுக்கு இவ்வளவு நியாயம் எதற்கு? ஆலப்பாக்கம் தாண்டியபோது வேறு யோசனை வந்தது. மச்சான் அவசரத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடலாம். மூன்று நாளும் அந்த நம்பிக்கையில்தான் சோறு தின்றேன். அவனிடம் சொன்னதெல்லாம், "ஓனரு நேர்ல வரணுமாம் மச்சான், அவங்க ரூலு."

அவன் படித்தான். எழுத்துக்கூட்டுகிறவன் போல விரல் வைத்து, இரண்டு பதிவுகளையும். கடலின் உப்பு மூச்சில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. ரிப்பேர்க்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மரியாதைகூட எனக்குக் கசந்தது. மச்சான் கையெழுத்துப் போட்டான். கேமராவை வாங்கிக் காதில் வைத்து ஒவ்வொரு ஷட்டர் வேகத்திலும் தட்டிப் பார்த்தான். தகடுகள் சுத்தமாக, வறட்சியாக, டிக் டிக்கென்று மூடின.

"நல்லா கழுவியிருக்கீங்கண்ணே" என்றான் அவரிடம். படி இறங்கும்போதுதான் என்னிடம் பேசினான்.

"நான் என்னா வேல பாக்குறேன் மாமா?"

"ஏசி மெக்கானிக்."

"தெனம் கழட்டி மாட்டுறவன். வந்த அன்னிக்கி, எண்ணெய் வுட்டுட்டேன் மச்சான்னு சொல்லியிருந்தீங்கன்னா, நானே ஒக்காந்து கழுவியிருப்பேன்ல? பதினேழு நாளு போச்சு."

அவனுக்கு அது தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவன் அக்காவைக் கட்டி அத்தனை வருஷம் ஆகியும் அவன் கைகளை நான் பார்த்ததில்லை. அவன் படங்களில் இருந்த சுவரை மட்டும் பார்த்து நக்கலடித்திருக்கிறேன்.

மிச்சமிருந்த பதிமூன்று நாளில் அவன் முப்பத்தாறையும் எடுத்து முடித்தான். சிலவற்றில் கை நடுங்கியிருந்தது, அவசரம். புதுப்பல் அதற்குள் பாதி எட்டிப் பார்த்துவிட்டது. பொக்கை வாயோடு ஒரு படமும் கிடையாது. அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

புறப்படுகிற அன்று கேமராவை அக்காவிடம் கொடுக்கவில்லை. கைலியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தான். பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பத் திறந்து, நான் அன்பளிப்பாக எழுதிக் கையெழுத்திட்டுத் தந்திருந்த என் கவிதைப் புத்தகத்தை வெளியே எடுத்தான்.

"எட ஜாஸ்தியா இருக்குது மாமா. அடுத்த தடவ எடுத்துக்குறேன்."

முறுக்கு டப்பா உள்ளேயே இருந்தது.