பன்னிரண்டாம் நாள் அரிசிம்பருப்பு

மதியம் இரண்டு மணிக்கு, எங்கள் பனியன் கம்பெனியில் சரக்கு வாங்கும் பையரின் இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. அவர் பெட்டியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பீஸுக்கும் பதில் சொல்ல, செக்கிங் பொறுப்பாளரான நான் மேஜையருகே நிற்க வேண்டும். முந்தைய இரண்டு இன்ஸ்பெக்ஷனிலும் பாதியில் கழிவறைக்கு ஓடியிருந்தேன். "இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா அந்த மேஜைக்கு வேற ஆளத்தானுங்க மேடம் போடோணும்" என்று முதலாளி பணிவாகவே சொல்லியிருந்தார்.

அதனால்தான் டாக்டரிடம் போனேன். அவர் சொன்னது இதுதான்: இரண்டு வாரம் குழைந்த சோறு, உப்பு, வேகவைத்த கேரட் மட்டும். வயிறு அடங்கியபின் மூன்று நாளைக்கு ஒரு பொருளாகச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். வேளை, அளவு, வயிற்றின் நிலை மூன்றையும் தினமும் டைரியில் குறித்தேன். பதினொரு நாள் ஒரு தொந்தரவும் இல்லை.

என் வயிற்றைத் தவிர மற்ற எல்லோருக்கும் அந்தச் சோறு தொந்தரவாக இருந்தது. எங்கள் யூனிட்டில் டப்பாக்களை நடுவில் வைத்துப் பகிர்ந்துதான் சாப்பிடுவோம். நான் மட்டும் தனி டப்பா. பன்னிரண்டாம் நாள், இன்ஸ்பெக்ஷனன்று, முதலாளியின் மனைவியே தூக்குப்போசியில் சோற்றோடு வந்துவிட்டார்.

"ஏனுங்க மேடம், வெறுஞ்சோத்தத் தின்னுட்டு எப்படி நிப்பீங்க? சூடா அரிசிம்பருப்பு கொண்டாந்திருக்கறனுங்க."

"அதுல பருப்பு, பூண்டு, வெங்காயமெல்லாம் இருக்குதுங்க அக்கா. டாக்டரு அரிசி மட்டுந்தான்னு..."

"இதும் அரிசிதானுங்களே!"

சொல்லிக்கொண்டே என் தட்டில் போட்டு, நெய்யும் ஊற்றினார். முதலாளி வீட்டுச் சோற்றை எப்படித் தள்ளுவது? சாப்பிட்டேன். இரண்டு ஐம்பதுக்கு, மூன்றாவது பெட்டியைத் திறந்திருந்தபோது, ஓடினேன்.

திரும்பி வந்தபோது என் இடத்தில் செல்வி நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த செக்கர். சரக்கு பாஸ் ஆகிவிட்டது. இன்ஸ்பெக்டர் போனதும் கேட்டாள்:

"ஏன் மேடம், துணிக்கு மட்டுந்தான் ரிஜெக்ட் சொல்லுவியளோ?"

கோபத்தோடு டைரியின் பன்னிரண்டாம் பக்கத்தில் 'அரிசிம்பருப்பு, ஒரு தட்டு, 2.50' என்று குறித்தேன்.

மாலையில் டைரியை முதலாளியிடம் காட்டினேன். பன்னிரண்டு பக்கங்களையும் புரட்டியவர், "இது எங்க ஊட்டுல பண்ணுன வேலைங்களா? செரி, அடுத்த இன்ஸ்பெக்ஷனுக்கும் நீங்களே நில்லுங்க" என்றார்.

மறுநாள் மறுபடியும் தூக்குப்போசி வந்தது.

"பூண்டையெல்லாம் பொறுக்கி எடுத்துட்டனுங்க. இப்பத் தின்னுங்க."

"மன்னிச்சுக்குங்க அக்கா, எனக்கு வேண்டாங்க" என்று மூடிபோட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகம் சுண்டிப்போனது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உடம்புக்கு ஆகாததை மறுத்தால் ஒருவருடைய முகம் இரண்டு நாள் சுண்டும். மறுக்காததால் எனக்கு வீணாய்ப் போனது பதினொரு நாள். குழைந்த சோற்றை முதல் நாளிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.