மஃரிபுக்கு அணையும் பெட்டி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் போட்டவன் நான். அதன் பிறகு கணபதி பகுதியில் தகரக் கூரையின் கீழ் மோட்டார் காயில் சுற்றும் பட்டறை போட்டேன். பின்னால் தகரத்தைப் பிரித்துத் தளம் போட்டு, பட்டறைக்கு மேலேயே வீடு கட்டினேன். கிணத்துக்கடவு வரைக்கும் தென்னந்தோப்புகளில் நான் சுற்றிய மோட்டார்கள் ஓடின. எங்கள் பள்ளிவாசல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியதும் என் கை பட்ட மோட்டார்தான். உன்னால் ஆகாது என்று அன்போடு எடுத்துச் சொன்ன படித்தவர்கள் பலர். அவர்கள் வீட்டு மோட்டார் எரிந்தபோதும் என்னிடம்தான் வந்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கொண்டுவந்தவன் என் மனைவியின் தம்பி. சிங்காநல்லூரில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறவன்.

"இனிமே புள்ள எல்லாத்தையும் இதுலயே படிச்சுக்கும் மச்சான். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டியதில்லீங்க" என்றான். தூசி ஆகாதாம், அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொன்னான்.

"தொழுகைக்குப் போறாப்புல கைகால் கழுவி ஒளுவும் செஞ்சுபோட்டு வரோணுமா?" என்று கேட்டாள் என் மனைவி.

ஒன்பதாவது படித்த எங்கள் மகள் பெட்டி முன் உட்கார்ந்தாள். இதயம் துடிப்பதைப் படமாகப் பார்த்தாள், உலக வரைபடத்தைச் சுழற்றினாள், ஆங்கிலத்தில் தட்டெழுதினாள். எழுந்திருக்கத்தான் மறந்தாள். அந்தியில் மஃரிப் தொழுததும் தெருக்கோடியில் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டு நாள் போகவில்லை.

மனைவி தீர்ப்பு வழங்கிவிட்டாள். "ஏனுங்க, இன்னொருக்கா இவ ஓதறதை உட்டா, இந்தப் பெட்டி எந்தம்பி ஊட்டுக்கே போயிரும். சொல்லிப்போட்டேன்."

மகளுக்கு முகம் செத்துவிட்டது. படித்தால் கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்று அதற்குள் முடிவு செய்திருந்தாள்.

படித்தவர்களாக இருந்தால் இதற்கு ஒரு கூட்டம் போட்டுப் பேசியிருப்பார்கள். நான் ஒரு டைமர் சுவிட்ச் மாட்டினேன். அது மார்ச் மாதம், அந்தித் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஆறரையை ஒட்டி வரும். ஆறரைக்கு 'டக்' என்று ஒரு சத்தம், பெட்டி அணைந்துவிடும். முதல் நாளே அவள் அடித்த பக்கம் முழுவதும் காணாமல் போனது.

"ஷட் டவுன் பண்ணாம நிறுத்தக்கூடாதுங்கத்தா!" என்று தகப்பன் என்மேல் பாய்ந்தாள்.

"நான் பாக்காத மோட்டாரா கண்ணு? சுவிட்சைத் தட்டுனா எல்லாம் நிக்கும்."

நின்றது. எட்டு மாதம் வீட்டில் சண்டையே இல்லை. சுவிட்ச் இருக்கிற தைரியத்தில் மனைவி அந்த அறையை எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். நவம்பரில் ஒருநாள் ஓதிக்கொடுக்கும் அம்மாவே வாசலுக்கு வந்தார்.

"புள்ளைக்கு ஒடம்பு சொகமில்லீங்களா அம்மணி? பத்து நாளா ஓதறது பாதியானப்புறம் வந்து உக்காருதே!"

அப்போது பாங்கு முடிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. மனைவி உள்ளே போய்ப் பார்த்தாள். மகள் பெட்டி முன்னால்தான் இருந்தாள்.

"பாங்கு கேக்கலியா உனக்கு?"

"அத்தா சுவிட்ச் இன்னும் போகலியேம்மா" என்றாள் மகள், வெகு நிதானமாக.

சூரியனுக்கு என் சுவிட்சைக் கேட்டு அஸ்தமிக்கும் பழக்கம் இல்லை. நவம்பரில் ஆறு மணிக்கே போய்விடுகிறது; சுவிட்ச் மட்டும் மார்ச்சில் வைத்த ஆறரையிலேயே நிற்கிறது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஊருக்கே கேட்கிறது. என் மகளின் காது மட்டும் 'டக்' சத்தத்துக்குக் காத்திருந்தது.

"நாளைக்கே பெட்டியக் கட்டுங்க" என்றாள் மனைவி.

நேரத்தை மாற்றி வைக்கிறேன் என்று நான் ஸ்குரூ டிரைவரோடு போனேன். மகள் குறுக்கே நின்றாள். "மாத்த வேண்டாங்கத்தா, கழட்டிருங்க. அது இருந்தா நான் அதைத்தான் கேப்பேன், பாங்கைக் கேக்க மாட்டேன். எனக்கு ஒரு வாரம் குடுங்கம்மா."

என் கை வேலையை யாரும் கழற்றச் சொன்னதில்லை. கழற்றினேன்.

அந்த வாரம் முழுக்க மனைவி கதவோரம் காவல் நின்றாள். பாங்கின் முதல் சொல் காதில் விழுந்ததும் மகள் அடித்ததைச் சேமித்துவிட்டு எழுந்தாள். ஏழாம் நாள் அவள் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம் ஓடும் நேரம் பார்த்துப் பாங்கு வந்தது. விரல் ஒரு கணம் நின்றது. பிறகு எழுந்துவிட்டாள்.

"துணியப் போட்டு மூடு கண்ணு. மீதிய நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள் மனைவி. பெட்டி தங்கிவிட்டது என்பதை அவள் இவ்வளவுதான் சொன்னாள்.

இன்று மகள் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். பிள்ளைகளைத் திரையிலிருந்து எழுப்புவது எப்படி என்று பள்ளிவாசல் பெண்கள் கூட்டத்தில் பேசுகிறாளாம். அம்மா காவல் நின்றதைச் சொல்கிறாள், ஓதிக்கொடுத்தவரைச் சொல்கிறாள், பெட்டி கொடுத்த மாமாவைக்கூடச் சொல்கிறாள். என்னைப் பற்றி மூச்சே இல்லை. என் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்திருந்தால் அவள் தானாக எழுந்திருக்கப் பழகியிருப்பாளா? நேரத்தை மாற்றாமல் விட்ட அந்தத் தப்பை அந்த வீட்டில் வேறு யாரும் செய்யவில்லை, நான்தான் செய்தேன். அடுத்த கூட்டத்தில் அதையும் சேர்த்துச் சொல்லட்டும்.