கெட் என்று நான் வைத்த பெயர்

அம்மாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். கிழக்கேகோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து அன்றைக்கு மூன்றாம் நாள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஊசி. மத்தியானம் இரண்டு மணி ஊசிக்காகக் காத்திருந்தேன். இரண்டரை ஆயிற்று, மூன்றும் ஆயிற்று. யாரும் வரவில்லை.

அந்த ஆஸ்பத்திரியின் மருந்துப் பட்டியலை ஓட்டும் மென்பொருள் எங்கள் கம்பெனியுடையது. அதில் பாதிக்கு மேல் நான் எழுதியது. அம்மாவை அங்கே சேர்க்கும்போது அது ஒரு தைரியமாகக்கூட இருந்தது.

நர்ஸ் மேஜைக்குப் போய்க் கேட்டேன். அவள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி மலையாளத்தில் சொன்னாள்.

"கொடுத்தல்லோ சேச்சி. பன்னிரண்டு பத்துக்கு."

திரும்பி வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"யாருடி போட்டா? டாக்டர் வந்தார். கையில வெச்சிருந்த அந்தப் பலகையைத் தடவித் தடவிப் பார்த்தார், போயிட்டார். நீயும் இங்கதானே ஒக்காந்துண்டிருந்தே!"

பலகை என்று அம்மா சொன்னது டாக்டரின் டேப்லெட்டை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் பெயர் வைப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு விவரத்தைப் படித்துச் சொல்ல மட்டும் எழுதும் நிரல் துண்டின் பெயர் 'கெட்' என்று தொடங்கும். மாற்றி எழுதுவதன் பெயர் 'செட்' என்று தொடங்கும். கெட் என்று கண்டால் யாரும் உள்ளே திறந்து பார்க்க மாட்டார்கள். எத்தனை தடவை கூப்பிட்டு ஓட்டினாலும் எதுவும் மாறாது என்று நம்பிக் கூப்பிடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு அவசரத்தில், 'கெட் நெக்ஸ்ட் டோஸ்' என்று ஒன்று எழுதினேன். ஒரு நோயாளிக்கு அடுத்த மருந்து என்ன என்று அது எடுத்துத் தரும். கையோடு அந்த மருந்தைக் 'கொடுத்தாயிற்று' என்று குறித்தும் வைத்துவிடும். அப்போது அதைக் கூப்பிட்டது, நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு அழுத்தும் ஒரே ஒரு பொத்தான்தான். அதனால் ஒன்றும் ஆகவில்லை. பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டேன். விட்டது விட்டதுதான்.

போன வாரம், ஆபீஸில் பக்கத்து நாற்காலியில் வேலை பார்க்கும் பெண் டாக்டர்களின் டேப்லெட்டுக்காக ஒரு புதுத் திரை செய்தாள். அதில் என் 'கெட் நெக்ஸ்ட் டோஸை'ப் பயன்படுத்தினாள். "இது டோஸைக் காட்டும், அவ்வளவுதானே?" என்று என்னிடம் கேட்கவும் செய்தாள். நான் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, "கெட்தானே, பின்னே என்ன?" என்றேன்.

அந்தத் திரை இந்த வார்டுக்கு வந்து இரண்டு நாள். டாக்டர் யாருடைய மருந்துப் பக்கத்தைத் திறந்தாலும், அந்த நோயாளிக்கு அடுத்த மருந்து கொடுத்ததாகப் பதிவாகிவிடும். யார் யாருக்குத் திறந்தார் என்று எனக்குத் தெரியாது. முப்பது கட்டில் இருந்தது.

மாடிப்படிப் பக்கம் போய் எங்கள் டீம் லீடருக்கு போன் செய்தேன்.

"யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. ஆபீஸுக்கு வா. பதிவெல்லாம் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

"அதுக்குள்ள அடுத்த மருந்து நேரம் வந்துடும் சார்."

"எழுதினது நீ. உன் தலையிலதான் விடியும். யோசிச்சுக்கோ."

யோசித்தேன். அம்மாவுக்கு மட்டும் எப்படியாவது ஊசி போடச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்தை இன்றைக்கு வரை யாரிடமும் சொன்னதில்லை.

தலைமை நர்ஸிடம் போய், கம்ப்யூட்டர் பட்டியலை நம்ப வேண்டாம் என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நிங்கள் ஆரா?"

"அதை எழுதினவள்."

அவர் சத்தம் போடவில்லை. எல்லாக் கட்டில்களின் மருந்துத் தட்டுகளையும் கொண்டுவரச் சொன்னார். தட்டில் மிச்சம் இருக்கும் மருந்தையும் பட்டியலையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். நாலு தட்டில் மருந்து கூடுதலாக இருந்தது. ஒன்று அம்மாவுடையது. இரண்டு பேருக்குத் தவறியது வயிற்று மாத்திரை. நாலாவது, ஜன்னலோரக் கட்டில் பெரியவருடையது. வலிப்பு வராமல் தடுக்கும் மருந்து.

அவருக்கு அன்று காலை வலிப்பு வந்திருந்தது. காய்ச்சலால் வந்தது என்று நினைத்திருந்தார்கள்.

டாக்டர் ஓடி வந்தார். கட்டிலைச் சுற்றித் துணி மறைப்பை இழுத்தார்கள். பெரியவரின் மகள், பாதி உரித்த ஆரஞ்சுப்பழத்தோடு வெளியே வந்து நின்றாள். யார் சொன்னார்களோ, நேரே என்னிடம் வந்தாள். நடந்ததை எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன்.

"அப்பாவுக்கு இன்னும் வருமா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது" என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

டேப்லெட்டில் வரும் அந்தப் புதுத் திரையை உடனே எடுக்கச் சொல்லி பக்கத்து நாற்காலிப் பெண்ணுக்கு போன் செய்தேன். ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிட்டாள். பிறகு, அது தன் தப்பா என்று கேட்டு அழுதாள். இல்லை, பெயர் வைத்தவள் தப்பு என்றேன். மறுநாள் இருவரும் உட்கார்ந்து அதை இரண்டாகப் பிரித்தோம். ஒன்று பார்க்க மட்டும். கொடுத்ததைக் குறிப்பதற்கு வேறொன்று, வேறு பெயரில். கெட் என்று தொடங்கும் எல்லாவற்றையும் திறந்து படித்தோம். பொய் சொன்ன பெயர்கள் இன்னும் இரண்டு அகப்பட்டன. நல்லவேளை, அவை மருந்தைத் தொடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த விளக்கக் கடிதத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். வேலை போகவில்லை. டீம் லீடர் ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெரியவருக்கு மறுபடி வலிப்பு வரவில்லை. அது தெரியும்வரை இரண்டு நாள், அந்த ஜன்னல் பக்கம் ஏதாவது பாத்திரம் விழுந்தால்கூட எழுந்து நின்றுவிடுவேன். அம்மா, "என்னடி திருதிருன்னு முழிக்கறே?" என்பாள். அவளுக்கு ஒரு ஊசி தாமதம் என்று மட்டும்தான் தெரியும்.

அவர் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, சக்கர நாற்காலியை மகள் தள்ளிக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்தினாள்.

"வேற வார்டுல இப்படி இருக்கா?"

"இல்லை."

"உறுதியா?"

சட்டென்று ஆமாம் என்று சொல்ல வரவில்லை. "ரெண்டு தடவை பார்த்தோம்" என்றேன். "இன்னிக்கு மறுபடியும் பார்க்கறேன்."

அவள் தலையை ஆட்டிவிட்டு லிஃப்ட் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.