கப்பல்ல நான், வீட்டுல யாரு?

பேய், பிசாசுன்னு யாராச்சும் கத சொன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேங்க. பூம்பாறையில பூண்டுக் காட்டுக்குக் காவலா தனியாப் படுத்துக் கெடந்தவன். காட்டுமாட்டுக்குப் பயந்திருக்கேன், பேய்க்குப் பயந்ததில்ல. இத வேற யாராச்சும் சொல்லியிருந்தா நானே சிரிச்சிருப்பேன், நீங்களும் சிரிச்சுக்கங்க.

ரெண்டாயிரத்து ஆறோ ஏழோ. கொடைக்கானல்ல ஓட்டல் வேல பாத்தவன், ஏஜென்ட் மூலமா வடதுருவத்துப் பக்கம் டூரிஸ்ட்டுகளக் கூட்டிப்போற கப்பல்ல சேந்தேன். கிச்சன் வேலதான், ஆனா ஆள் பத்தலைன்னா பயணிகளக் கரைக்குக் கொண்டுபோற ரப்பர் போட்டுலயும் ஏத்திவிட்டுருவாங்க.

அன்னிக்கு வெள்ளனேயிருந்தே மழையும் பனியும் கலந்து கொட்டுது. மலைக்காரன் எனக்கே குளிரு எலும்புக்குள்ள போயிருச்சு. பயணிகளக் கரையில எறக்கிட்டு நானும் போட்டு ஓட்டுற பிலிப்பைன்ஸ்காரரும் திரும்பி வரயில மூடுபனி எறங்கி, கப்பலையே காணோம், இஞ்சினும் நின்னுபோச்சு. ஐஸ் கட்டி ஒண்ணோட ஒண்ணு ஒரசுற சத்தம் மட்டுந்தான். கடல்தண்ணி தெறிச்சு உள்சட்டை வரைக்கும் நனைஞ்சு, மொதல்ல கை மரத்துச்சு, அப்புறம் குளிரே தெரியல, தூக்கமா வந்துச்சு. வீட்டு அடுப்புகிட்ட ஒக்காந்தா எப்படியிருக்கும்னு நெனச்சது ஞாபகம் இருக்கு. அப்புறம் அந்தாளு என் கன்னத்துல அறைஞ்சு எழுப்பினதுதான். வேற போட்டு வந்து எங்கள இழுத்துட்டுப் போச்சு.

மறுநாள் கப்பல் போன்ல வீட்டுக்குக் கூப்பிட்டேன். எம் பொண்டாட்டி செல்வி எடுத்ததும் கோவமா, "நேத்து வந்துட்டு ஒரு வார்த்த பேசாம எங்க போனீங்க?"ன்னா.

"நான் கப்பல்ல இருக்கேன்டி."

"பொய் சொல்லாதீங்க. அடுப்புல கைய நீட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க. துண்டு எடுத்துட்டு வாரதுக்குள்ள ஆளக் காணோம்."

சத்தியமா எனக்குப் பேய் நெனப்பே வரல. எவனோ வீட்டுக்கு வந்திருக்கான், அத மறைக்க இவ கத கட்டுறான்னுதான் தோணுச்சு. அவளுக்கோ நான் ஊருக்கு வந்து வேற எவ வீட்டுலயோ தங்கியிருக்கேன்னு சந்தேகம். மிச்ச மாசமெல்லாம் போன்ல சண்டதான். தாலியக் கழட்டி வைக்கிற வரைக்கும் பேச்சு போயிருச்சு.

ஊருக்கு வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகல. தெருமுனையில மளிகக் கடை வச்சிருக்க ஜமால் பாய்கிட்டப் போயி, "நான் இல்லாதப்ப வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா பாய்?"ன்னேன்.

என்னைய ஏற எறங்கப் பாத்தாரு. "நீதானப்பா வந்த? ஏரியில போட்டுல போறவுகளுக்குக் குடுப்பாங்களே, அந்த மாதிரி ஆரஞ்சு ஜாக்கெட்டு போட்டுக்கிட்டு, சொட்டச் சொட்ட நனைஞ்சு. கூப்பிட்டேன், திரும்பல."

அன்னிக்கு ரப்பர் போட்டுல அந்த மாதிரி ஜாக்கெட்டதான் நான் போட்டிருந்தேன். ஒரு போட்டோகூட ஊருக்கு அனுப்புனதில்ல.

வீட்டுக்குப் போனேன். செல்வி அடுப்புக்கு முன்னாடி சிமெண்டுத் தரையக் காட்டுனா. அன்னிக்குச் சொட்டுன தண்ணி காஞ்ச எடத்துல வெள்ளையாப் பூத்துக் கெடக்கு, எத்தன தடவ கழுவியும் திரும்பத் திரும்ப வருதாம். வெரலால தொட்டு நாக்குல வச்சேன். உப்பு.

அதோட சண்ட நின்னுச்சு. ஆனா அன்னைலருந்து, மழையில நனைஞ்சு வந்து நான் கதவத் தட்டுனா அவ ஒடனே தெறக்க மாட்டா. உள்ளயிருந்து "பேசுங்க"ம்பா. என் கொரலக் கேட்டாத்தான் தாழ்ப்பாள எடுப்பா.

போன ஆடியில விடாத மழை. நான் வீட்டுக்குள்ள டிவி பாத்துக்கிட்டிருக்கேன். கதவு தட்டுற சத்தம். பழக்கத்துல செல்வி "பேசுங்க"ன்னா. வெளிய பதிலே இல்ல. மறுபடி தட்டுச்சு.

அவ கதவப் பாத்தா. மெதுவாத் திரும்பி என்னையப் பாத்து, ரெண்டடி தள்ளி நின்னா.

"நீங்க பேசுங்க"ன்னா.